அரைப்பேர் இரத்தம்

புசல்லாவைத் தேயிலை மலைகளில் எண்ணப்படாமல் தப்பிய பொருள் கிடையாது. கொழுந்தை நிறுக்கிறார்கள். நிறுத்ததில் சாக்குக்கென்று கொஞ்சம், மழை ஈரத்துக்கென்று கொஞ்சம், முற்றல் இலைக்கென்று கொஞ்சம் கழிக்கிறார்கள். கழித்தது போக மிஞ்சியது குறித்த கிலோவை எட்டாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவளை எண்ணுகிறார்கள், வராதவளை இன்னும் கவனமாக எண்ணுகிறார்கள். கவ்வாத்து வெட்டிய செடிக்குக் கணக்கு, வெட்டிய கானுக்குக் கணக்கு, கொடுத்த தேயிலைத்தூள் பொட்டலத்துக்கும் செக்ரோல் பதிவேட்டில் கணக்கு. 1823இல் கம்பளைக்குப் பக்கத்துச் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பிக் கன்று நட்டபோது தொடங்கிய கணக்கு இது. கோப்பி 1869க்குப் பிறகு இலைநோய் கண்டு செத்தது. கணக்குப் புத்தகத்துக்கு எந்த நோயும் வரவில்லை.

இப்படி இருநூறு வருடம் எண்ணிப் பழகிய மலையில், ஒரு சொட்டு இரத்தத்தில் தட்டணு எத்தனை என்று எண்ணுவதற்கு மட்டும் மலையை விட்டு இறங்கவேண்டும்.

காய்ச்சல் கண்டவள் யார் என்று கேட்காதீர்கள். தொழிலாளர் வரிசைவீடான எந்த லயத்திலும் ஒருத்தி இருப்பாள். முதல் நாள் காலையில் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை விட்டு அழுத்துவது மாதிரி வலி. பெரட்டுக்களத்தில் கங்காணி ஒரு பார்வை பார்த்துவிட்டு நோயைக் கண்டுபிடிக்கிறார்.

"என்னா தங்கச்சி, மொகம் வாடிக் கெடக்கு? மழக்காச்சதான். ரெண்டு பனடோலப் போட்டுக்கிட்டு மலைக்கு வா."

மழைக்காய்ச்சல் என்ற இந்த நோய் எந்த வைத்தியப் புத்தகத்திலும் இல்லை. மலையகத்தில் மட்டும் எல்லா நோய்க்கும் அதுதான் பெயர். டெங்கு வந்தாலும் மழைக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் வந்தாலும் மழைக்காய்ச்சல், சிக்குன்குனியா வந்து மூட்டு மூட்டாகக் கழன்றாலும் மழைக்காய்ச்சல். கங்காணியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குப் பொழுது விடிந்தால் இத்தனை ஆள் மலையில் நிற்கவேண்டும். அந்தக் கணக்கு குறையாமல் இருக்க எந்த நோய் தோதோ அந்த நோயைச் சொல்கிறார். பேராதனையில் ஐந்து வருடம் படித்த டொக்டரும் இரத்த ரிப்போட் வரும்வரை வாயைத் திறக்கமாட்டார். கங்காணிக்கு அந்தத் தாமதமெல்லாம் இல்லை.

இரண்டாம் நாள் டிஸ்பென்சரி. டிஸ்பென்சரி திறந்திருப்பது பாதி அதிர்ஷ்டம், உள்ளே ஆள் இருப்பது மீதி. தோட்டத் தொழிலாளிக்கு வைத்தியம் பார்க்கவேண்டும் என்று வெள்ளைக்காரன் 1872லேயே சட்டம் போட்டுவிட்டான், 1912இல் மறுபடியும் போட்டான். சுதந்திரம் வந்தது, இலவச வைத்தியம் வந்தது, தோட்டங்கள் அரசுடைமையாயின, மறுபடி கம்பனிகளின் கைக்குப் போயின. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கிறது என்ற அறிவிப்பும் பல அமைச்சர்களின் வாயால் வந்துவிட்டது. சிலவற்றை எடுத்தார்கள். மிச்சம், எடுக்கப்படவும் இல்லாமல் நடத்தப்படவும் இல்லாமல், கதவில் பூட்டோடு நிற்கிறது. 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள் என்று சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். கடன்துண்டு ஒழிந்தது உண்மை. காய்ச்சலென்று, டிஸ்பென்சரித் துண்டு இல்லாமல் வேலைக்கு வராமலிருந்து பாருங்கள்.

மூன்றாம் நாள்தான் விஷயம் இருக்கிறது. இலங்கைச் சுகாதார அமைச்சின் டெங்கு வழிகாட்டல் என்ன சொல்கிறது தெரியுமா? காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் முழுக் குருதி எண்ணிக்கை பார்த்தாகவேண்டும், அதற்குப் பிறகு நாளுக்கொரு தடவை பார்க்கவேண்டும். தட்டணு ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் வாட்டில் சேர்க்கவேண்டும். உலகம் மெச்சுகிற வழிகாட்டல் அது. இலவசமாகத் தரவிறக்கலாம். மூன்றாம் நாள் டவுனுக்கு இறங்க ஓட்டோக் காசு யார் தருவது என்ற பக்கம் மட்டும் அதில் அச்சாகவில்லை.

அரசாங்க வைத்தியசாலைக்குப் போனால் காசில்லையே என்பீர்கள். உண்மை. போகிற அன்றைக்குப் பேர் விழாது என்பதும் உண்மை. விடிய எழுந்து கரத்தை ரோட்டில் நடந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, இரத்தம் கொடுத்து, ரிப்போட்டுக்குக் காத்திருந்து, அதை டொக்டரிடம் காட்டத் திரும்பவும் வரிசையில் நின்றால் ஒரு நாள் சரி. வழிகாட்டல் சொல்கிறபடி நாளுக்கொரு தடவை என்றால் எத்தனை பேர் போகும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதனால் காய்ச்சல்காரி குறுக்குவழி பார்க்கிறாள். கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் எந்தச் சந்தியில் இறங்கினாலும் ஒரு தனியார் லெப் இருக்கும். பெயர்ப்பலகையில் நுளம்பின் படம் ஓர் ஆடு அளவுக்கு இருக்கும்.

2023இல் அரசாங்கம் இந்த லெப்களுக்கு உச்ச விலை குறித்து வர்த்தமானி போட்டது. டெங்கு அன்டிஜன் பரிசோதனை 1,200 ரூபா, முழுக் குருதி எண்ணிக்கை 400 ரூபா. ஏழைகளைக் காக்க எடுத்த நடவடிக்கை என்றார்கள். அந்த வருடம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதுவும் 2021இல் நெடுநாள் போராடி, கம்பனிகள் நீதிமன்றம் வரை போய் முறுக்கிய பிறகு கிடைத்த ஆயிரம். ஒரே அரசு, ஒரே அச்சகம். பரிசோதனைக்கு அவர்கள் போட்ட கூரை, கூலிக்கு அவர்கள் குறித்த தொகையைவிட 200 ரூபா உயரம். காய்ச்சல்காரி ஒரு நாள் முழுக்கப் பறித்து முழுப்பேர் வாங்கினாலும் அன்டிஜன் பார்க்க 200 ரூபா கடன் வாங்கவேண்டும். எண்ணிக்கை பார்க்க இன்னொரு 400.

2024இல் நிலைமை முன்னேறியது. மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 என்று அறிவித்தார். கைதட்டல் மலையில் மோதித் திரும்புவதற்குள் கம்பனிகள் வழக்குக்குப் போயின. கடைசியில் 1,350 என்று முடிந்தது, மிச்சம் 350 கூடப் பறித்தால் கிடைக்கும் என்றார்கள். ஆக, அன்டிஜன் பார்த்துவிட்டு 150 ரூபா மீதம் கொண்டுவரலாம். 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 என்றும், அதற்கு மேல் அரசாங்கமே நாளுக்கு 200 ரூபா வரவு ஊக்கத்தொகை தரும் என்றும் சொன்னார்கள். வரவு ஊக்கத்தொகை! காய்ச்சலோடு வேலைக்குப் போனால் 200 ரூபா பரிசு. டெஸ்ட் பார்க்கப் போனால் அந்த 200ம் இல்லை, 1,550ம் இல்லை. நோயாளியை மலையில் நிறுத்திவைக்க இதைவிட மலிவான மருந்தை எந்தக் கம்பனியும் கண்டுபிடித்ததில்லை.

சரி, கடனை உடனை வாங்கி லெப்புக்குப் போகிறாள் என்று வையுங்கள். கையில் 1,200 மட்டும் தேறுகிறது. எந்த டெஸ்ட்? கவுண்டரில் இருக்கும் பெண் பிள்ளை, "டெங்கு டெஸ்ட்தானே அக்கா?" என்று கேட்டு அன்டிஜனை எழுதுகிறாள். ரிப்போட் வருகிறது, இங்கிலீசில். பெயர் மட்டும் தமிழ்ப் பெயர், அதையும் சிங்கள உச்சரிப்பில் எழுதி யாரோ ஒருவரின் பெயராக்கியிருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். நெகட்டிவ்.

லயமே மூச்சு விடுகிறது. டெங்கு இல்லை!

அந்தக் காகிதம் சொன்னது அதுவல்ல. என்.எஸ்.1 என்ற அந்த அன்டிஜன், வைரஸ் இரத்தத்தில் ஓடுகிற முதல் சில நாட்களில் நன்றாகத் தெரியும். நான்கைந்து நாள் போனால் மங்கும். முன்பு ஒருமுறை டெங்கு வந்து போனவளுக்கு இரண்டாம் தடவை வந்தால், உடம்பில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள் அதைப் பிடித்து மறைத்துவிடக்கூடும். அந்த இரண்டாம் தடவைதான் பெரும்பாலும் ஆளைக் கொல்லும் தடவை. பொசிட்டிவ் என்றால் டெங்கு உண்டு என்று நம்பலாம். நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று நம்பமுடியாது. உயிரைக் காப்பாற்றுவது அந்த 400 ரூபா டெஸ்ட், நாளுக்கொரு தடவை. தட்டணு இறங்குகிறதா, இரத்தம் தடிக்கிறதா என்று அதுதான் சொல்லும். பி.சி.வி. என்று ரிப்போட்டில் ஒரு மூலையில் இருக்கும் எண் இயல்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஏறினால், நாளங்களிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். ஆனால் விளம்பரப் பலகையில் ஆடு அளவு நுளம்பு வரைந்து விற்பது 1,200 ரூபாச் சரக்கை. காய்ச்சல்காரியிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்கு வர்த்தமானியில் விலை குறிக்கப்படவில்லை, அதனால் கவுண்டரில் கிடைக்காது.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. கங்காணி சொன்னது சரியாய்ப் போயிற்று! பனடோல் வேலை செய்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறாள். டெங்கு ஆளை அடிப்பது பெரும்பாலும் இந்தக் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ஆபத்தானது. வயிற்றுவலி, வாந்தி, கைகால் சில்லிடுதல், ஒன்றுக்குப் போவது குறைதல். அந்த நேரத்தில் அவள் வாட்டில், சேலைன் ஏற எண்ணி எண்ணி நீர் கொடுக்கப்பட வேண்டியவள். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அவளோ தலையில் கயிற்றை மாட்டி, இடுப்பில் படங்கைக் கட்டி, செங்குத்துச் சரிவில் நிற்கிறாள். மேல்வலிக்கென்று கடையில் வாங்கி விழுங்கிய வலிமாத்திரை, இரத்தப்போக்குக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. லயத்துக் கிழவி பப்பாசி இலைச் சாறு பிழிந்து வைத்திருக்கிறாள். கிழவியை நான் பழிக்கமாட்டேன். இந்தக் கதையில் லயத்து வாசலுக்கு மருந்தென்று ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

இந்த நாட்டுக்கு இரத்தம் எடுக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். 1934–35 மலேரியாவில் 80,000 பேர் அளவில் செத்தார்கள். அதற்குப் பிறகு இந்த அரசு பாடம் படித்தது. விரல் குத்தி, கண்ணாடித் துண்டில் சொட்டுத் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, காட்டோரக் கிராமங்களுக்கெல்லாம் நடமாடும் கிளினிக் கொண்டுபோனது. யுத்தம் நடந்த காலத்திலும் நிறுத்தவில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அடுத்த வருடமே டெங்கு 186,101 பேரைப் பிடித்தது, 440 பேர் அளவில் செத்தார்கள். அத்தனை பேரைப் பிடித்தும் சாவு இவ்வளவில் நின்றதற்கு நம் அரசாங்க வைத்தியசாலைகளின் டொக்டர்களையும் தாதிமாரையும் கையெடுத்துக் கும்பிடவேண்டும், அதில் எனக்கு அங்கதம் கிடையாது. வாட்டுக்குள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தவருக்கு இந்த நாட்டில் பிழைப்பு உண்டு. கட்டில் வரைக்கும் வந்தவரைப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, காட்டுக்குள் ஜீப்பில் போய் இரத்தம் எடுத்த அரசுக்கு, தார் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லயத்துக்கு வழி தெரியவில்லை.

தோட்டத்துக்கும் வழி தெரிந்த காலம் ஒன்று இருந்தது. இந்தியாவிலிருந்து வரவிருந்தவர்களை அக்கரையிலேயே மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று உடம்பு உடம்பாகப் பார்த்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். நோய் இலங்கைக்குள் வந்துவிடக்கூடாதல்லவா? 1916 அளவில் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழுவுக்கெதிராக இறங்கினார்கள். தொழிலாளர்களின் மலத்தைத் தகர டப்பாவில் வாங்கி, வரிசையாகச் சோதித்து, மருந்து கொடுத்தார்கள். துரைமார் ஒத்துழைத்தது கருணையால் என்று எண்ணிவிடவேண்டாம். கொக்கிப்புழு இரத்தத்தைக் குடித்தால் ஆள் சோருவான், ஆள் சோர்ந்தால் வேலை குறையும். ஆக, எங்கள் மலத்தைக்கூட எண்ணியிருக்கிறார்கள். டெங்குவின் குறை ஒன்றே ஒன்றுதான். அது ஆளை மெதுவாகச் சோர்வடையச் செய்து விளைச்சலைக் குறைக்காமல் ஒரு வாரத்தில் கணக்கை முடித்துவிடுகிறது. கம்பனிக்கு வேறு ஆள் கிடைக்கும்.

இனி நுளம்பின் பக்கம் வருவோம். அதன் பிறப்பிடம் விசாரிக்கத்தக்கது. லயத்துக் கூரைத் தகரம் பழசு. காற்றில் பறக்காமலிருக்க மேலே கல்லும் பழைய டயரும் வைத்திருக்கிறார்கள். ஒழுகாமலிருக்கப் பொலித்தீன் விரித்திருக்கிறார்கள். பீலியில் தண்ணீர் எப்போதாவதுதான் வரும் என்பதால் இஸ்தோப்பு ஓரத்தில் நீலப் பீப்பாவில் பிடித்து வைத்திருக்கிறார்கள். டயரில் மழைநீர், பொலித்தீன் மடிப்பில் மழைநீர், பீப்பாவில் பீலிநீர். கருப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளி போட்ட அந்த நுளம்புக்கு மூன்று படுக்கையறை வீடு கிடைத்துவிட்டது. லயத்துக் குடும்பத்துக்கு இன்னும் ஒரே காம்பராதான்.

நுளம்பு பெருக்குவது குற்றம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. இடத்தின் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ சுத்தமாக வைத்திருக்கவேண்டும். தவறினால் வழக்கு, தண்டம். நல்ல சட்டம்தான். ஆனால் லயத்தின் சொந்தக்காரர் யார்? நிலம் அரசாங்கத்தினுடையது. 1970களில் வெள்ளைக் கம்பனிகளிடமிருந்து எடுத்தது, 1990களில் உள்ளூர்க் கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. ஆக, டயருக்கடியிலிருக்கும் கூரை அரசாங்கத்தின் சொத்து, கம்பனியின் பொறுப்பு. சட்டப்படி பார்த்தால் சுகாதாரப் பரிசோதகர் முதலில் தன் சம்பளக்காரரான அரசாங்கத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவேண்டும், அடுத்தது கம்பனி அலுவலகத்துக்கு. அவர் பாவம், மேலே ஏறிக் களைத்தவர். பக்கத்தில் நிற்பது குடியிருப்பவள். நோட்டீஸ் அவள் கையில். தகரம் மாற்றித் தரச்சொல்லி அவள் கொடுத்த மனுவுக்கு அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை, டயர் வைத்ததற்கு நீதிமன்றத்திலிருந்து பதில் வந்துவிடும்.

பிரதேச சபை வந்து கானைத் துப்புரவு செய்யக்கூடாதா என்று கேட்கிறீர்களா? 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தபோது அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவு செய்யத் தடையாக நின்றது. நாங்கள் வாக்குப் போட்டு, எங்கள் ஆளையே சபைக்கு அனுப்பி, அந்த ஆள் எங்கள் கானில் ஒரு மண்வெட்டி மண் அள்ளினால் அது சட்டவிரோதமான செலவு. 2018இல்தான் திருத்தினார்கள். நுளம்பு அந்த 31 வருடமும் எந்தத் திருத்தத்துக்கும் காத்திருக்கவில்லை.

இதற்கெல்லாம் பிறகு காய்ச்சல்காரி எப்படியோ பிழைத்துக் கம்பளையிலோ கண்டியிலோ வாட்டில் கிடக்கிறாள் என்று வையுங்கள். டெங்கு அறிவிக்கவேண்டிய நோய். எச் 544 என்ற படிவத்தை நிரப்பி அவள் இருக்கும் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேண்டும். அதைப் பார்த்துப் பரிசோதகர் வீடு தேடிப் போவார். படிவத்தில் விலாசம் என்று ஒரு கட்டம்.

"கெதர அங்கய?"

வீட்டு இலக்கம்! அவளுக்கு உள்ளது மேப்பிரிவு, இத்தனையாம் நம்பர் லயம், தொங்கல் காம்பரா. ஒரே தபால் விலாசத்தில் நூற்றுக்கணக்கான குடும்பம். கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, மனம் இருந்தால் லயத்துக்கு வரும். மகனின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்துசேர்வது எங்களுக்குப் பழகிய விஷயம். படிவத்தில் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிடுகிறார்கள். பரிசோதகர் ஒரு மலை முழுவதையும் வீடாகத் தேடவேண்டும். போதாததற்குப் புசல்லாவை, கண்டி மாவட்டத்தின் ஓரத்தில் நுவரெலியா மாவட்டத்தை உரசிக்கொண்டு கிடக்கிற ஊர். ஒரு காம்பராவில் கடித்துவிட்டு ஓடையைத் தாண்டினால் நுளம்பு மாவட்டம் மாறிவிடும். அதற்குப் பிறகு அது யாருடைய நுளம்பு என்பதற்குக் கோப்புத் திறக்கவேண்டும்.

நடுவில் தேசிய நுளம்பு ஒழிப்பு வாரமும் வரும். தலைவர் வெள்ளைக் கையுறை மாட்டி, ஏற்கெனவே யாரோ பொறுக்கிவைத்த யோகட் கோப்பையைக் குனிந்து மறுபடி பொறுக்குவார். படம் எடுத்தாகிவிடும். கையுறையை எங்கே போட்டார் என்று யாரும் பார்ப்பதில்லை, அதிலும் மழைநீர் தேங்கும்.

நான் கேட்பது பெரிய வைத்தியசாலையல்ல. கொழுந்து லொறி நாளுக்கு இரண்டு மூன்று தடவை பெக்டரிக்கு இறங்குகிறது. டிஸ்பென்சரியில் இரத்தம் எடுக்கத் தெரிந்த ஒருவர், ஊதா மூடி போட்ட சின்னக் குழாய், ஒரு குளிர்ப்பெட்டி. கீழே போகிற வண்டியில் அதைக் கொடுத்துவிட்டால் பக்கத்து அரசாங்க வைத்தியசாலை லெப்பில் இயந்திரம் சில நிமிடத்தில் எண்ணிச் சொல்லும். எண்ணிக்கையைப் போனில் தமிழில் சொன்னால் போதும். தட்டணு ஒரு இலட்சத்துக்குக் கீழே உள்ளவளை அன்றைக்கே ஏற்றி அனுப்பலாம், மற்றவளுக்கு நாளைக்கு மறுபடி குழாய். யாருக்கும் பேர் போகாது.

பதில்கள் என்ன வரும் என்று தெரியும். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதிவிடுகிறேன். கம்பனி சொல்லும், ஏற்றுமதித் தேயிலைக்கான இலை போகும் வண்டியில் மனித இரத்தம் ஏற்றினால் தரச் சான்றிதழ் போய்விடும். (கொழுந்தோடு சேர்த்துப் பிரசவ வலிக்காரியை ஏற்றிய காலத்தில் இந்தச் சான்றிதழ் எங்கே போயிருந்தது?) சுகாதாரத் திணைக்களம் சொல்லும், தோட்டத் தாதியை நியமிப்பது தோட்ட நிர்வாகத்தின் வேலை. தோட்ட நிர்வாகம் சொல்லும், நோயைப் பார்ப்பது சுகாதாரத் திணைக்களத்தின் வேலை. தொழிற்சங்கம் சொல்லும், அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் கட்டாயம் சேர்க்கிறோம். தொண்டு நிறுவனம் கண்டி ஹோட்டலில் பகற் சாப்பாட்டோடு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைக்கும், வந்தவர்களுக்கு நுளம்புப் படம் போட்ட தொப்பி.

எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், வண்டி கிடையாது என்று மட்டும் சொல்லவேண்டாம். மே தினத்துக்கும் தேர்தலுக்கும் வண்டி லயத்து வாசலுக்கே வருகிறது. விடியற்காலையில் வருகிறது, ஹோர்ன் அடித்து எழுப்புகிறது, நடக்கமுடியாத கிழவனைத் தூக்கி ஏற்றுகிறது, தலைக்கொரு சோற்றுப் பார்சலும் கொடுக்கிறது. அடுத்த முறை வந்து நின்றால் முதலில் டிரைவரிடம் கேளுங்கள், குளிர்ப்பெட்டி எங்கே என்று. இல்லை என்றால் ஏறவேண்டாம். சோற்றுப் பார்சலை மட்டும் வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புங்கள்.